அரை நிமிடம் போதும் என்பது எனக்கும் தெரியும்

டிரைவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, 'இனிமையான அனுபவங்கள்' என்று ஒரு தலைப்பையும் கூடவே கொடுத்தார். தலைப்பை நான் மாற்றிவிட்டேன். பக்கமும் கூடிவிட்டது. பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முப்பத்து நான்கு வருடம் இந்த மலையில் ஸ்டியரிங் பிடித்தவன் நான். இனிமையாகப் பேச வேண்டிய இடங்களில் பேசியிருக்கிறேன். இது அந்த இடமில்லை.

போன மாதம் ஒண்டிக்கடைக்குப் பக்கத்து மண்டபத்தில் நம் டாக்சி டிரைவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. சேலத்தில் ஒரு கார் சர்வீஸ் சென்டரிலிருந்து ரேவதி என்று ஒரு பெண் பாடம் நடத்த வந்திருந்தாள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள், இருபத்திரண்டு வயதுக்குள்தான் இருக்கும். என்னை மூத்த டிரைவர் என்று சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்துத் தோளில் ஒரு துண்டும் போட்டார்கள். காலையில் வண்டியை எத்தனை நேரம் சூடு பண்ண வேண்டும் என்பதுதான் முதல் பாடம்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். பேசிக்கொண்டே வந்தவள், நடுவில் சிரித்தபடி ஒரு கதை சொன்னாள்.

"எங்கம்மா வேலை செஞ்ச எஸ்டேட்டுல ஒரு டிரைவர் இருந்தாராமுங்க. தெனமும் பத்து நிமிசம் வண்டிய உறும உட்டுட்டுத்தான் எடுப்பாராம். அவருக்குப் பேரே பத்து நிமிசமாம்! கடைசில புது வண்டியோட டர்போவையே தின்னுட்டாருங்க. பாவம், தெரியாமச் செஞ்சதுதான். ஆனா தெரியாமச் செஞ்சாலும் எஞ்சின் மன்னிக்காதுங்க."

மண்டபமே சிரித்தது. விஷயம் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏனுங்க மேடம், அந்த ஆளே இவருதானுங்க!" என்று கத்தினான். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க தாத்தா, எனக்குத் தெரியாதுங்க" என்று கையைப் பிசைந்தாள். நான் துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் நின்ற ஒருவரிடம், அது யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன். தலைச்சோலை பூங்கொடியின் மகள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் இதை எழுதுவது என்று முடிவு செய்து, ராத்திரியே தொடங்கிவிட்டேன்.

முதலில் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், நானும் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவன்தான் என்று தெரியட்டும். இப்போது வருகிற டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் கம்பிச்சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், மிஞ்சிப் போனால் ஒரு நிமிடம். ஆயில் மேலே ஏற அது போதும். அதற்குப் பிறகு வண்டியை எடுத்து, வெப்ப முள் நகரும் வரை மிதிக்காமல் மெதுவாகப் போக வேண்டும். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் எஞ்சின் சீக்கிரம் சூடாகாது, உள்ளே கரி படியும். குளிர்ந்த எஞ்சினை நின்ற இடத்திலேயே மிதித்து ரேஸ் செய்வதோ, அதைவிடப் பெரிய பாவம்.

சனி, ஞாயிறு வந்தால் என் வீட்டுக்கு எதிரே உள்ள விடுதியில் ஏழெட்டுக் கார்கள் ஒன்றாக உறுமும். வண்டியை ஓட விட்டுவிட்டு உள்ளே போய்ப் பொங்கல், பூரி எல்லாம் சாப்பிட்டு, படம் பிடித்து, இருபது நிமிடம் கழித்து வருவார்கள். புகை முழுவதும் என் சமையல்கட்டுக்குள் வரும். போய்ச் சொன்னால், "அங்கிள், இங்க குளிருது இல்ல, எஞ்சின் வார்ம் ஆகணும்" என்று எனக்கே வகுப்பு எடுப்பார்கள். பக்கத்தில் நிற்கிற நம் டிரைவர் பையன்களோ, "பெரியப்பா, நீங்களே இப்புடிச் சொல்லலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்தாலும், "என்னங்க, பத்து நிமிசம் ஆச்சுங்களா?" என்பார்கள். பத்து நிமிசம், பத்து நிமிசம்! செங்கோடன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன்.

வண்டி படித்தது காதர் அண்ணனிடம். எஸ்டேட் ஜீப்புக்கு அப்போது அவர்தான் டிரைவர். இரண்டு வருடம் கழுவினேன், துடைத்தேன், டயர் மாற்றினேன். மூன்றாம் வருடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார், ஐந்தாம் வருடம் அவர் ஓய்வு பெற்றதும் ஜீப் என் கைக்கு வந்தது. படிப்பு அவ்வளவுதான்.

அந்தப் பழைய ஜீப்புக்குப் பத்து நிமிடம் உண்மையிலேயே வேண்டியிருந்தது. ஷெட்டை விட்டு வெளியே வந்ததுமே நெட்டுக்குத்தான ஏற்றம், ஏறி முடித்ததும் அதேபோல் இறக்கம். சூடாகாமல் எடுத்தால் ஏற்றத்தில் செத்துவிடும், பிரேக்குக்கு வேக்குவம் ஏறாமல் போனால் இறக்கத்தில் நாம் செத்துவிடுவோம். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்து, ஹீட்டர் பொத்தானை அழுத்தி, கம்பி சிவக்கும் வரை மனதுக்குள் எண்ணி, கிளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுவேன். தடதடவென்று கொஞ்ச நேரம் இருமும். பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும். "கை சுடற வரைக்கும் எடுக்காத" என்பது காதர் அண்ணன் கட்டளை. மார்கழிப் பனியில் கை சுடப் பத்து நிமிடம் ஆகும்.

ஷெட் இருந்தது மேட்டில், மேனேஜர் பங்களாவை ஒட்டி. இந்தப் பக்கம் மேல்காடு, அந்தப் பக்கம் பள்ளத்தில் தொழிலாளர் லைன் வீடுகளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையும். மஞ்சு மூடினால் பத்தடி தூரத்தில் நிற்கிற ஆள் தெரியாது. ஆனால் ஜீப் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும்.

ரகுநாதன் சார் மேனேஜராக வந்த பிறகுதான் அந்தச் சத்தத்துக்கு ஒரு வேலை வந்தது. அவரைப் பற்றி நியாயமாகவே சொல்ல வேண்டும். குடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். கூலிக்காரப் பெண்ணைக்கூட வாங்க, போங்க என்பார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார். பேசிக்கொண்டே உள்ளங்கையைத் திருப்பி மணி பார்ப்பார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, பச்சை மை பேனா. காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் தன் வரிசையில் ஆள் இல்லை என்றால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார். ஒரு பறிப்புப் பருவத்தில் மூன்று தடவை பெயர் ஏறினால் எஸ்டேட் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பட்டியலில் பெயர் இல்லை என்றால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கத்துகிற மேனேஜரிடம் காலில் விழுந்தாவது கெஞ்சலாம். இவரிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது? "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே மா" என்று அன்பாகச் சொல்லிவிட்டு எழுதுவார்.

பால் குடிக்கிற பிள்ளை வைத்திருந்த பெண்கள்தான் இதில் மாட்டிக்கொண்டார்கள். பிள்ளை கீழே கொட்டகையில், தாய் மேல்காட்டில். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போகக் கூடாது என்பது அவர் போட்ட விதி. நடுவில் பால் கொடுக்க நேரம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவர் காபி குடிப்பார்.

அவர் சுற்று வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஏழரை, ஒரு நாள் பத்து, ஒரு நாள் பதினொன்று. "எடுங்க செங்கோடன்" என்பார், நான் ஸ்டார்ட் பண்ணுவேன், அவர் ஷூ போட்டுக்கொண்டு காத்திருப்பார். ஒரு நாள் ஹோஸில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போது மஞ்சு கொஞ்சம் விலகியது. கொட்டகையிலிருந்து மேல்காட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் இரண்டு பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் பார்த்தேன். நான் ஸ்டார்ட் பண்ணினால் அவர்கள் ஓடுகிறார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது கையில் கடிகாரத்தோடு அந்தப் பாதையில் நானே ஓடிப் பார்த்தேன். எட்டு நிமிடம்.

அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை, அவர்களும் என்னிடம் பேசவில்லை. வருடத்துக்கு வருடம் தாய்மார்கள் மாறினார்கள், பிள்ளைகள் மாறின. பத்து நிமிடம் மட்டும் மாறவில்லை. கோடையில் கை சுட நாலு நிமிடம் போதும் என்றாலும் பத்து நிமிடம் கழித்துத்தான் எடுப்பேன். பத்து நிமிசம் என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

பிறகு புது ஜீப் வந்தது. புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குக் காற்றை ஊதுகிற டர்போ வைத்த, புது மாதிரி காமன் ரயில் எஞ்சின். நான் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதனுடன் வந்த தமிழ்ப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்தேன். அரை நிமிடம் போதும் என்று அதில்தான் படித்தேன். ரேவதி பிறப்பதற்கு முன்னால் படித்தேன்! அந்த வண்டியிலும் பத்து நிமிடம் ஓட விட்டேன். சத்தம் குறைவான எஞ்சின் என்பதால் கொட்டகை வரை கேட்கட்டும் என்று இடையிடையே லேசாக மிதித்தும் வைத்தேன். ஹாரன் அடித்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். ஆளில்லாத ஷெட்டில் ஹாரன் அடித்தால் ஏன் என்று மேனேஜர் கேட்பார். எஞ்சின் சத்தத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை என்று நினைத்தேன்.

அவர் கேட்டார். ஒரு நாள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கே வந்தார். உள்ளங்கையைத் திருப்பி மணி பார்த்துக்கொண்டே பத்து நிமிடமும் நின்றார்.

"மிஸ்டர் செங்கோடன், இந்தப் புக்கைப் படிச்சீங்களா?"

"படிச்சனுங்க சார்."

"அப்புறம் ஏன்?"

"மலைக் குளிருங்க சார். பழக்கமுங்க."

"பழக்கம் உங்களோடது, வண்டி எஸ்டேட்டோடது. நாளையிலேர்ந்து நான் எடுங்கன்னு சொன்ன அரை நிமிஷத்துல வண்டி வாசல்ல நிக்கணும்."

எஞ்சினைப் பொறுத்தவரை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அது பறிப்பு தொடங்கிய சமயம். பூங்கொடிக்கு முதல் பிள்ளை, இரண்டு மாதம். கணவன் ஓசூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டு எப்போதாவது வருவான். லைன் வீடு போனால் போக்கிடம் இல்லை. அரை நிமிட உத்தரவு வந்த இரண்டாம் வாரம், தண்ணீர்க் குழாயடியில் நான் வண்டி துடைத்துக்கொண்டிருந்தபோது குடத்தோடு வந்து நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"டிரைவரண்ணா, நேத்து எம்பேரு நோட்டுல ஏறிருச்சுங்க. இது ரெண்டாவது தடவை. வண்டி வந்ததே கேக்கலீங்க எனக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். டிரைவராக என் வாழ்க்கையில் செய்த ஒரே அயோக்கியத்தனம் அதுதான், தெரிந்தே செய்தேன். மறுநாள் "எடுங்க" என்றதும் ஸ்டார்ட் செய்து, அந்த அரை நிமிடமும் குளிர்ந்த எஞ்சினை முழு மிதியில் ரேஸ் செய்தேன். பள்ளம் வரை அலறியது. பிறகு அவரை ஏற்றிக்கொண்டு முதல் கியரிலேயே ஊர்ந்தேன். நாலு நிமிடத்தில் போகிற பாதைக்கு ஒன்பதரை நிமிடம். அவர் திரும்பிப் பார்த்தார்.

"சூடாகற வரைக்கும் மெதுவாப் போகணும்னு புக்குலயே போட்டிருக்குங்க சார்" என்றேன்.

அவர் மடியில் இருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். போட்டிருந்தது. ரேஸ் செய்தது ஏன் என்று கேட்டார். ஆக்சிலரேட்டர் ஒட்டிக்கொள்கிறது, மிதித்து மிதித்து விட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான் ஓட்டினேன். பூங்கொடியின் பெயர் மூன்றாவது தடவை ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் ஆயில் போய்ச் சேராத டர்போ உலர்ந்து சுற்றுகிற சத்தம் என் பல்லில் கேட்டது. அந்த வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி துடைத்தவன் நான்.

நாலு மாதம் தாங்கியது. சேலத்திலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பதின்மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் விசில் போல ஒரு சத்தம் எழுந்தது, கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தது, இழுப்பு போய்விட்டது. ஓரம் கட்டினேன். நல்ல மழை. அவரை அந்த வழியாக வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். யாரும் பார்க்காததால் அழவும் செய்தேன்.

சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்துவிட்டு, குளிர்ந்த நிலையில் தொடர்ந்து ரேஸ் செய்ததால் வந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசாரணையை ரகுநாதன் சார் அறைக்குள் வைக்கவில்லை. சாயங்காலம் பழம் எடை போடுகிற களத்தில், எல்லாப் பெண்களும் கூடையோடு நிற்கும்போது வைத்தார். பக்கத்தில் ரைட்டர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர் செங்கோடன், பன்னிரண்டாம் பக்கத்தைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

படித்தேன். 'குளிர்ந்த எஞ்சினை வேகமாக இயக்குவது டர்போவைப் பழுதாக்கும்.'

"புரியுதா?"

"புரியுதுங்க."

"புரிஞ்சும் ஏன் செஞ்சீங்க? ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. நான் கேக்கத் தயாரா இருக்கேன்."

உண்மையிலேயே கேட்கத் தயாராகத்தான் இருந்தார். நான் தலையை நிமிர்த்தினேன். நாற்பது பெண்கள் நின்றார்கள். ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை மட்டும்தான் என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறந்தால், இருபது வருட டிரைவர் இந்தப் பெண்களுக்காக வேண்டுமென்றேதான் சத்தம் எழுப்பினான் என்று அவருக்குப் புரிந்துவிடும். மறுநாளிலிருந்து கொட்டகை வாசலில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருப்பான். ஏற்கெனவே இரண்டு தடவை பெயர் ஏறியவள் வீட்டைக் காலி செய்வாள்.

"தெரியாமப் பண்ணிட்டனுங்க சார்" என்றேன்.

ரைட்டர் அப்படியே எழுதினார். 'வாகனம் இயக்கும் முறை தெரியாமல் செய்துவிட்டேன்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். தெரியாமல்! காதர் அண்ணனிடம் படித்தவன், புத்தகத்தை இரண்டு தடவை படித்தவன், ஒரு கீறல் விழாமல் இந்த மலையைச் சுற்றியவன். ஜீப்பை வேறு டிரைவருக்குக் கொடுத்துவிட்டு என்னை உரம் இழுக்கிற டிராக்டரில் போட்டார்கள். ஓய்வு பெறுகிற வரை டிராக்டர்தான். வழியனுப்பு விழாவில்கூட, "டிராக்டரை இன்னிக்காவது சீக்கிரம் எடுங்க" என்று ஒருவர் பேசினார், எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் அந்தப் பாதையில் ஓடிய பெண்களும் இருந்தார்கள்.

இப்போது புரிகிறதா, அந்த மண்டபத்தில் எனக்கு ஏன் அப்படிக் கொதித்தது என்று?

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் தலைச்சோலை போனேன். பூங்கொடி எஸ்டேட்டை விட்டு வந்து வருடங்களாகிவிட்டன. சொந்தமாகச் சின்ன வீடு, வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கண்ணா, ஊட்டுக்குள்ள வாங்க. புள்ள போன்ல சொல்லி அழுதா. நொம்ப சங்கடமாப் போச்சுங்க."

"அவ அழுவறது கெடக்கட்டும். இத்தனை வருசத்துல உம்பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியா நீ? அந்தக் கதைய எங்க பழகுனா அவ?"

"லைன்ல எல்லாப் புள்ளைகளும் சொல்லிச் சிரிக்குமுங்க. அவளும் ஊட்டுல வந்து சொல்லுவா."

"நீ என்ன பண்ணுவ?"

"நானும் சிரிச்சுட்டு அக்கட்டால போயிருவனுங்க."

எனக்கு வந்த கோபத்தில் மிளகுப் பாயை எட்டி உதைத்திருப்பேன். "நல்லா இருக்கு பூங்கொடி, நொம்ப நல்லா இருக்கு. நான் முட்டாளாவே சாவ மாட்டேன், சங்கத்து மலருக்கு நேத்து ராத்திரியே எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் பின்னாலிருந்து பேசினாள்.

"அவ ஒரு நாளு எங்கிட்டக் கேட்டாளுங்க, ஏம்மா எனக்கு ஏழு மாசத்துலயே பாலை நிறுத்திட்டேன்னு. பால் வத்திப்போச்சு சாமின்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. வத்தலீங்கண்ணா. உங்களை ஜீப்ப உட்டு எறக்குனாங்களே, அந்த வாரமே துணியக் கட்டிட்டு நானா நிறுத்துனேன். புது டிரைவரு வர்றது கேக்காதுங்க. இன்னொருக்கா பேரு ஏறுனா ஊடு போயிரும். ஊடா, பாலான்னு பாத்து ஊடுன்னு முடிவு பண்ணுனவ நானு. உங்க கதையச் சொன்னா இதையும் சொல்லணுமில்லீங்க. எந்த வாயில சொல்றது?"

என் கோபம் போகவில்லை. இத்தனை நாள் கோபம் அவள் மேல் என்று நினைத்திருந்தேன். அவள் மேல் இல்லை. பால் கொடுக்கப் போன ஒரு தாயைத் திருடி மாதிரி ஓட வைத்துவிட்டு, பச்சை மையில் பெயர் எழுதிக்கொண்டு, விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சிரித்த அந்த மனிதர் மேல். இருபது வருடம் கழித்து வெட்கப்பட வேண்டியவர் அவர். வெட்கப்படுவதோ இவள். இது என்ன நியாயம், சொல்லுங்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பஸ் வருகிற நேரத்துக்கு அவள் ஏற்றத்தில் வேகவேகமாக வந்தாள். மூச்சு வாங்கியது. அந்த நடையை எனக்குத் தெரியும், மஞ்சுக்குள் பார்த்த அதே நடைதான்.

"எழுதுங்கண்ணா" என்றாள். "எம்பேரு போட்டே எழுதுங்க. என்னால வாயில சொல்ல முடியாதுங்க. மலர் வந்தா அவ கட்டாயம் படிப்பா. படிக்கட்டும்."

அதனால்தான் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். செயலாளர் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது.

ரேவதி, நீ நடத்திய பாடத்தில் ஒரு பிழையும் இல்லை. அதையே எல்லா ஊரிலும் நடத்து. என் கதையையும் சொல்லிக்கொள், டர்போவைத் தின்றவன் நான்தான். 'தெரியாமல்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடு. எஞ்சினுக்கு அரை நிமிடம் போதும் என்பது எனக்குத் தெரியும் கண்ணு. பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் உன் அம்மா மேலே ஓடி வர. மீதி இரண்டு நிமிடம், நீ குடித்து முடிக்க.